இடப்பக்கத்து பிரேக்

டிராக்டரின் இரண்டு பிரேக் பெடலும் ஒரே அளவுதான் இறங்குகின்றன. வலது மூன்று விரற்கடை, இடதும் மூன்று விரற்கடை. கையால் அழுத்திப் பார்த்தது போதாதென்று செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலாலும் அழுத்திப் பார்த்தேன், அதே மூன்று. இடதில் ஒரு விரல் கூடுதலாக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். பிரேக் கம்பி தளர்ந்துபோய்விட்டது, அதனால்தான் இடது சக்கரம் பிடிக்கவில்லை, அதனால்தான் வண்டி வலது பக்கம் இழுத்துக்கொண்டு ஏரிக்குள் இறங்கப் பார்த்தது என்று சொல்லிவிட்டு, கம்பியின் நட்டை நாலு சுற்று முறுக்கிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு சோறாக்கப் போயிருப்பேன். பழுது இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டு வண்டியைப் பிரிக்கிறவள் இந்தச் சுற்றுப்பட்டில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வண்டியில் பழுது இல்லையென்றால் பழுது என்னிடம் இருக்கிறது. செவ்வாய்க்கிழமையிலிருந்து இந்த ஒரே நினைப்புதான். சோற்றை வடிக்கும்போதும் அதுதான், மாட்டுக்குத் தவிடு கலக்கும்போதும் அதுதான், படுத்தால் கண்ணுக்குள் அந்த ஏரித் தண்ணீர்தான், புரட்டாசி மழையில் கரை வரைக்கும் தளும்பிக்கொண்டு, மேலே நாற்றுக்கட்டுகள் மிதந்துகொண்டு. பதினோரு பேர் டிரெய்லரில். பதினோரு பேரும் நடவுக்கு வந்தவர்கள், எல்லார் வீட்டிலும் யாராவது காத்திருக்கிறார்கள். கரையில் எதிரே ஒரு மாடு குறுக்கே வந்தது, பிரேக்கை மிதித்தேன், வண்டி நிற்பதற்குப் பதிலாக வலது பக்கம் சடாரென்று திரும்பி முன்சக்கரம் கரையைத் தாண்டி முள்புதரில் போய்ச் செருகிக்கொண்டது. புதர் இல்லையென்றால், வேண்டாம், அதை நினைக்க வேண்டாம். அஞ்சலாட்சியக்காவுக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான், வேறு யாருக்கும் ஒன்றுமில்லை. ஆனால் ஒன்றுமில்லை என்று நானும் எத்தனை தரம்தான் சொல்லிக்கொள்வது.

கொக்கியை மாட்டினேனா. அதுதான். டிராக்டருக்கு பிரேக் பெடல் இரண்டு, இடது சக்கரத்துக்கு ஒன்று, வலது சக்கரத்துக்கு ஒன்று. சேடை ஓட்டும்போது, நடவுக்கு வயலைச் சேறாக்கும்போது, இரண்டையும் சேர்த்திருக்கும் கொக்கியைக் கழற்றிவிட வேண்டும், அப்போதுதான் வயல் மூலையில் ஒரு பெடலை மட்டும் மிதித்து வண்டியை நின்ற இடத்திலேயே திருப்ப முடியும். சேறு முடிந்து ரோட்டில் ஏறும்போது கொக்கியை மறுபடியும் மாட்டிவிட வேண்டும். மாட்ட மறந்தால் கால் வலது பெடலில் மட்டும் விழும், வலது சக்கரம் மட்டும் பிடிக்கும், வண்டி வலது பக்கம் திரும்பும். செவ்வாய்க்கிழமை திரும்பியது போல. அன்றைக்கு விடிந்ததிலிருந்து கீழ்வயலில் சேடை ஓட்டினேன், அது நினைவிருக்கிறது. சேறடிக்கிற ரோட்டவேட்டரைக் கழற்றினேன், ஊசி இறுகிப்போய் வரவில்லை, சுத்தியால் தட்டினேன், நினைவிருக்கிறது. டிரெய்லரை மாட்டினேன், பாட்டில் தண்ணீரில் முகம் கழுவினேன், முந்தானையில் துடைத்தபோது முந்தானையில் இருந்த சேறு முகத்தில் ஒட்டிக்கொண்டது, அதுகூட நினைவிருக்கிறது. ஏறி உட்கார்ந்தேன். அப்புறம் கரையில் போய்க்கொண்டிருக்கிறேன், பின்னால் அஞ்சலாட்சியக்கா யாரையோ கேலி பண்ணிச் சிரிக்கிறாள். நடுவில் ஒன்றுமில்லை. ஏறி உட்கார்ந்ததற்கும் கரைக்கும் நடுவில் குனிந்து கொக்கியைத் தட்டிவிட்ட கை இருக்க வேண்டும், அந்தக் கை எங்கே போனது. எத்தனை தரம் தேடினாலும் அங்கே வந்ததும் வழுக்கிவிடுகிறது. எங்கள் அம்மாவுக்கு ஐம்பதில் ஆரம்பித்தது. கன்றுக்குட்டிக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வருவாள், கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் வாளியோடு போவாள், கன்றுக்குட்டி வயிறு ஊதிக்கொண்டு திரும்பிக்கொள்ளும், "சனியன் தண்ணியே குடிக்க மாட்டேங்குது" என்று திட்டுவாள். நாங்கள் சிரித்தோம். மூன்றாவது வருஷம் ஒருநாள் ஊருக்குப் போனபோது என்னைப் பார்த்து "நீங்க எந்த ஊரும்மா, வந்து உக்காருங்க" என்றாள். அந்த "நீங்க"வைத்தான் என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தாலும் தேவலை. எனக்கு இந்தத் தை வந்தால் ஐம்பது.

"என்னா பச்ச, பெடலையே பார்த்துட்டு நிக்கிற, அது உனக்கு வணக்கம் வெக்கணுமா?" மோட்டார் கொட்டகை நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, இரண்டு காலையும் செங்கல்மேல் தூக்கி வைத்துக்கொண்டு என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருக்கிறார். சர்க்கரையில் இரண்டு பாதமும் மரத்துப்போய் நாலு வருஷம் ஆகிறது, பெடலை மிதிக்கிறேனா தரையை மிதிக்கிறேனா என்றே தெரியவில்லை என்று ஒருநாள் சாவியை என் கையில் கொடுத்துவிட்டு இறங்கியவர்தான், அன்றையிலிருந்து நான் ஓட்டுகிறேன், அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து வாயால் ஓட்டுகிறார். "ரெண்டும் சமமாத்தாங்க இருக்குது" என்றேன். "சமமா இருந்தா நல்லதுதானே, அதுக்கு ஏன் மூஞ்சிய இப்படி வெச்சிருக்க?" சாவி இடுப்பில் செருகியிருக்கிறது, குனியும்போதெல்லாம் வயிற்றில் குத்துகிறது. செவ்வாய்க்கிழமை கலியமூர்த்திதான் ஓடி வந்தது, இவருடைய தம்பி, பக்கத்துக் கழனியில் மருந்து அடித்துக்கொண்டிருந்தது. வந்ததும் முதல் கேள்வி "பெடல் கொக்கி மாட்டியிருந்தீங்களா அண்ணி?" என்பதுதான். "மாட்டியிருந்தேன்" என்றேன். எனக்கு முன்னால் என் வாய் சொல்லிவிட்டது. அதுக்குமேல் அது ஒன்றும் கேட்கவில்லை, ஏறி வண்டியைப் பின்னால் எடுத்து, அந்தக் குறுகலான கரையில் ஒரு பக்கத்து பிரேக்கைப் போட்டுத் திருப்பி, மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்து களத்தில் நிறுத்திவிட்டுப் போனது. சாயந்திரம் வந்து, "நடவு முடியற வரைக்கும் நான் ஓட்றேன் அண்ணி, நீங்க கொஞ்சம் ஓய்வா இருங்க" என்றது. நல்லதாகத்தான் சொன்னது. ஆனால் நடவு முடியற வரைக்கும் என்றால் அப்புறம் அறுவடை முடியற வரைக்கும், அப்புறம் சாவி அங்கேயே இருந்துவிடும். வியாழக்கிழமை சொல்கிறேன் என்றேன். என் மனதுக்குள் ஒரு கணக்கு. வியாழக்கிழமை வண்டியைப் பிரித்துப் பார்ப்பேன். பழுது இருந்தால் பழுது. ஒன்றுமில்லையென்றால் நான்தான் மறந்திருக்கிறேன், சாவியை நானே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன். பதினோரு பேரை ஏற்றிக்கொண்டு போகிறவளுக்கு நடுவில் கை காணாமல் போகக் கூடாது. இன்றைக்கு வியாழக்கிழமை.

ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன், தண்ணீர் கழுத்து வரைக்கும் நிற்கிறது. நல்லது, நல்லது என்று சொல்லிக்கொண்டே மூடியை இறுக்கினேன், இங்கே பழுது இல்லை. இஞ்சின் எண்ணெய்க் கம்பியை உருவி, துணியில் துடைத்து, மறுபடியும் விட்டு எடுத்தேன், கோட்டுக்கு ஒரு நூல் மேலே, அது ஒன்றும் பெரிசில்லை, கறுப்பாக இருக்கிறது ஆனால் வெளுக்கவில்லை, தண்ணீர் கலந்தால் பால் போலத் திரியும் என்று இவர் சொல்லிக்கொடுத்திருக்கிறார், திரியவில்லை. கிளட்சு சரியாக இருக்கிறது. சக்கர போல்ட்டுகள் இறுக்கமாக இருக்கின்றன. வண்டி என்னைப் பார்த்து, என்மேல் ஒன்றுமில்லை என்கிறது, ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு சீட்டாக எல்லாம் சரியாக இருக்கிறது என்று வர வர, அப்புறம் என்னதான் இந்த உடம்புக்கு என்று பயம் ஏறுமே, அப்படி. வெள்ளிக்கிழமை தவறாமல் பார்க்கிற வண்டி, சரியாக இல்லாமல் எப்படி இருக்கும். வெள்ளிக்கிழமை காலையில் முதல் வேலை அதுதான், கழுவி, மூக்கில் மஞ்சள் குங்குமம் வைத்து, சூடம் காட்டிவிட்டு, கையோடு எண்ணெய் தண்ணீர் எல்லாம் பார்த்துக் குறைந்ததை ஊற்றிவிடுவேன், பிள்ளைகளுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய மாதிரி ஒரு திருப்தி. சீட்டுக்குப் பின்னால் கியர் எண்ணெய்க் கம்பி. அதையும் உருவினேன். துடைத்து, விட்டு, எடுத்தேன். எண்ணெய் கோட்டில் இல்லை. கோட்டைத் தாண்டி, அதற்கு மேலே, நாலு விரல் மேலே, கம்பி முழுக்க எண்ணெய், அந்தத் தொண்ணூறு நம்பர் கியர் எண்ணெய்க்கே உள்ள அழுகல் நாற்றத்தோடு என் விரலில் வழிந்தது. சரியாகத் துடைக்கவில்லை போலிருக்கிறது என்று மறுபடியும் துடைத்து விட்டேன். அதே நாலு விரல். போன வெள்ளிக்கிழமை கோட்டுக்குக் கீழேதானே இருந்தது, கால் லிட்டர் ஊற்றிக் கோட்டுக்குக் கொண்டுவந்தேனே. கொண்டுவந்தேனா. ஊற்றிவிட்டு மறந்து மறுபடியும் ஊற்றினேனா, வியாழக்கிழமை ஒரு தரம், வெள்ளிக்கிழமை ஒரு தரம், அப்புறம் சனிக்கிழமையும் வாளியைத் தூக்கிக்கொண்டு, கன்றுக்குட்டி வயிறு ஊதித் திரும்பிக்கொள்ள. கம்பியை வைக்கப் போய் ஓட்டையில் விழாமல் பக்கத்தில் பட்டுப் பட்டுத் தெறித்தது. அம்மா, என்றேன், எந்த அம்மாவைக் கூப்பிட்டேன் என்று தெரியவில்லை.

"என்னா சத்தமே காணோம்?" என்றார் அங்கிருந்து. "கியர் எண்ணெய் அதிகமா இருக்குதுங்க." "எவ்ளோ அதிகம்?" "நாலு விரல்." அவர் காலைச் செங்கல்லிலிருந்து இறக்கினார். "நாலு விரலா? கல்யாண வீட்டு ரசமாட்டம் ஊத்தி வெச்சிருக்கியா? அதான் கூட இருந்தா நல்லதுன்னு ஒரு நெனப்பு உனக்கு. மொதல்ல இடது பக்கத்து பிரேக் பெட்டியத் தொற, பேசாத." ஸ்பேனரை எடுத்துக்கொண்டு சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் உடம்பை நுழைத்துக்கொண்டேன். முன்சக்கரத்துக்கு முன்னாலும் பின்னாலும் கல் வைத்தேனா, வைத்தேன், அதோ தெரிகிறது, கண்ணால் பார்த்துக்கொண்டேன், இனிமேல் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் நம்ப வேண்டியிருக்குமா. பிரேக் கம்பியின் ஊசியைக் கழற்றினேன். ஆறு போல்ட்டு. முதலாவது சேறு காய்ந்து பிடித்துக்கொண்டிருந்தது, முழு உடம்பையும் கொடுத்துத் தள்ளினேன், கிறீச்சென்று வழிவிட்டது. கழற்றிய போல்ட்டை வரிசையாகக் கோணிமேல் வைத்தேன், எது எந்த ஓட்டையிலிருந்து வந்ததோ அந்த வரிசையில், நான் ஆறாம் வகுப்போடு நின்றவள், எழுதி வைத்துக்கொள்ளுகிற பழக்கமில்லை, வைக்கிற இடம்தான் எனக்கு எழுத்து. அதைக்கூட இனிமேல் நம்பலாமா. நாலாவது, ஐந்தாவது. வெளியே மட்கார்டு தகரத்தில் காக்கை ஒன்று உட்கார்ந்து கீறுகிற சத்தம். ஒன்றும் இருக்காது. இந்தப் பெட்டி உள்ளே காய்ந்து, செங்கல் தூள் போலப் பொடி பறந்து, சக்கரத்தைப் பிடிக்கிற பிளேட்டு எல்லாம் நன்றாக இருக்கும், நான் ஆறு போல்ட்டையும் திரும்ப முறுக்கிவிட்டு, புடவையை மாற்றிக்கொண்டு, கலியமூர்த்தி வீட்டுக்கு நடந்து போவேன், ரொம்பத் தூரம் இல்லை, நாலு வீடு தள்ளித்தான். என்ன சொல்லிக் கொடுப்பது. இந்தாப்பா, எனக்கு மறக்குது. ஆறாவது போல்ட்டைக் கழற்றி, மூடியின் விளிம்பில் திருப்புளியை வைத்து நெம்பினேன். மூடி ஒரு முடியளவு விலகியது. கீழ் விளிம்பில் ஒரு சொட்டு தொங்கியது. கறுப்பாக. அது பெருத்து விழுந்தது, இன்னொன்று வந்தது, அப்புறம் சொட்டாக இல்லை, கயிறு போல, அப்புறம் மூடி முழுசாக விலகியதும் மடியில், புடவையில், கழுத்து வரைக்கும், சளசளவென்று அத்தனை எண்ணெய், பிரேக் பெட்டிக்குள் ஒரு சொட்டுகூட இருக்கக் கூடாத எண்ணெய்.

பிளேட்டை உருவி எடுத்தேன், வழுக்கிக் கையில் நிற்கவில்லை, கட்டை விரலால் தேய்த்தேன், ஊறிப்போயிருந்தது, விளக்கெண்ணெய் தடவிய பலகை. இது எந்தச் சக்கரத்தைப் பிடிக்கும். கொக்கி மாட்டினாலும் ஒன்றுதான் மாட்டாவிட்டாலும் ஒன்றுதான், இந்த இடது பிரேக் பிடித்திருக்கவே பிடித்திருக்காது, வலது மட்டும்தான் பிடித்திருக்கும். "இருக்குதா?" என்று கத்தினார். "இருக்குதுங்க" என்றேன், "நெறைய இருக்குதுங்க", ஏதோ கிணறு வெட்டி ஊற்று கண்டவள் மாதிரி என் குரல் எனக்கே கேட்டது. "அதிகமா ஊத்தினா அது எங்கதான் போவும்? எண்ணெய அடைச்சி நிக்கிற ஆயில் சீல தள்ளிக்கிட்டுப் பக்கத்து வூட்டுக்குப் போயிடும். மனுசன் மாதிரிதான்." சிரித்தார். நானும் சிரிக்கத்தான் போனேன். சிரிப்பு பாதியில் சிக்கிக்கொண்டது. அதிகமாக ஊற்றினது யார். எண்ணெய் தானாகக் கூடாதே. சுற்றிக்கொண்டு மறுபடியும் அதே இடத்துக்கு வந்துவிட்டேன், கொக்கியிலிருந்து தப்பித்து வாளிக்குள் விழுந்த மாதிரி. கொக்கி ஒரு தரம் மறந்தது, இது எத்தனை தரம். ஊற்றினதை மறந்து ஊற்றி, அதை மறந்து ஊற்றி. எண்ணிப் பார்த்தேன். சித்திரையில் முதல் வெள்ளி கம்பியில் எண்ணெயே தொடவில்லை, பயந்துபோய் இரண்டு லிட்டர் ஊற்றினேன். அடுத்த வாரம் மறுபடியும் குறைவு, ஒரு லிட்டர். அப்புறம் அரை, கால், அரை. வண்டிக்கு அடியில் ஒரு சொட்டு ஒழுகவில்லை, எங்கேதான் போகிறது என்று கவலைப்பட்டது நினைவிருக்கிறது, இவரிடம் கேட்கப் போய், எல்லாவற்றுக்கும் கேட்கிறாளே என்று நினைப்பார் என்று விட்டுவிட்டது நினைவிருக்கிறது. எல்லாம் நினைவிருக்கிறதே. அத்தனை வெள்ளியும் தனித்தனியாகத் தெரிகிறதே. ஒவ்வொரு தரமும் கம்பியைத் துடைத்துப் பார்த்து, குறைவாக இருந்ததால்தானே ஊற்றினேன். குறைவாக இருந்தது எப்படி இப்போது நாலு விரல் அதிகமாகும். நான் பார்த்ததே பொய்யா. மறப்பு போய் இப்போது இல்லாததைப் பார்க்கவும் ஆரம்பித்துவிட்டேனா.

அதிகமானதை முதலில் வடித்தாக வேண்டும், அழுதுகொண்டே வேண்டுமானாலும் வடித்தாக வேண்டும். மாட்டுக்குத் தண்ணீர் வைக்கிற பழைய அலுமினியத் தாம்பாளத்தை இழுத்து வண்டிக்கு அடியில் தள்ளி, அடி போல்ட்டைத் தளர்த்தினேன். எண்ணெய் தேன் மாதிரி மடிந்து மடிந்து விழுந்தது. தாம்பாளத்தின் ஒரு பக்கம் கல்மேல் ஏறியிருக்கிறது, நான் கவனிக்கவில்லை, எண்ணெய் எல்லாம் இந்தப் பக்கமே வந்து விளிம்பைத் தொட்டு வழியப் பார்க்கிறது, அந்தப் பக்கம் தாம்பாளம் வெள்ளையாகக் காய்ந்து கிடக்கிறது. "கோணலா வெச்சிருக்க பாரு, வழியுது பாரு" என்று அவர் சத்தம் போட்டார். பார்த்தேன். காய்ந்து கிடக்கிற அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். அந்தப் பக்கத்தில் ஒருத்தி குச்சியை விட்டுப் பார்த்தால் எண்ணெயே இல்லை என்றுதான் சொல்லுவாள். எண்ணெயே இல்லை, இரண்டு லிட்டர் ஊற்று என்பாள். சித்திரை. சித்திரையில்தானே பேட்டரி போனது, புதுசு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அன்றையிலிருந்து வண்டியை மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்து இறக்கத்தில் நிறுத்துகிறோம், ஊரில் பேட்டரி போன எல்லாரும் பண்ணுகிற மாதிரி, மூக்கு கீழே பார்க்க, காலையில் கல்லை எடுத்துவிட்டால் தானாக உருண்டு இஞ்சின் பிடித்துக்கொள்ளும். மூக்கு கீழே. எண்ணெய் எல்லாம் மூக்குப் பக்கம் ஓடிவிடும். அளவுக் கம்பி சீட்டுக்குப் பின்னால், மேட்டுப் பக்கத்தில். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நான் காய்ந்த பக்கத்தில் குச்சியை விட்டுப் பார்த்துவிட்டு ஊற்றியிருக்கிறேன். அந்த இறக்கம் இடது பக்கமும் கொஞ்சம் சாய்வு, அதனால்தான் இடது பெட்டிக்குள் புகுந்திருக்கிறது. இன்றைக்கு வண்டி இறக்கத்தில் இல்லை, கலியமூர்த்தி சமமான களத்தில் நிறுத்திவிட்டுப் போயிருக்கிறது, ஆறு மாதத்தில் இன்றைக்குத்தான் கம்பி உண்மையைச் சொல்லியிருக்கிறது. இல்லை, கம்பி அப்போதும் பொய் சொல்லவில்லை, நானும் பொய்யைப் பார்க்கவில்லை, குறைவாகத்தான் தெரிந்தது, குறைவாகத் தெரிந்ததால் ஊற்றினேன், ஒரு வெள்ளிக்கிழமைகூட இரண்டு தரம் ஊற்றவில்லை.

"ஏங்க" என்றேன். வண்டிக்கு அடியிலிருந்து தவழ்ந்து வெளியே வந்து தரையிலேயே உட்கார்ந்துகொண்டேன். "இறக்கத்துல வெச்சிக்கிட்டே அளவு பார்த்திருக்கேங்க. சித்திரையில இருந்து." அவர் தாம்பாளத்தையும் இறக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் நெற்றியில் அடித்துக்கொண்டார், என் நெற்றியில் இல்லை, தன் நெற்றியில். "நானும் தினம் இங்கதான் உக்காந்திருக்கேன், நீ ஊத்தறத பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். சமமான எடத்துல நிறுத்திப் பாருன்னு எனக்கும் தோணலையே. முப்பது வருசம் ஓட்டினவன்." அதைச் சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "உங்கம்மா மாதிரி ஆயிட்டோம்னு நெனச்சிட்டு இருந்தியா?" என்றார். நான் யாரிடமும் சொல்லவில்லை, ஒரு வார்த்தை வெளியே விடவில்லை. "ரெண்டு நாளா உப்பு டப்பாவத் தொறந்து தொறந்து பார்த்துட்டு மூடற. ராத்திரியில தாழ்ப்பாள மூணு தரம் போய்ப் பார்க்கிற. எனக்குக் கால்தான் மரத்துப்போச்சி, கண்ணு இல்ல." கண்ணைத் துடைத்தேன், கையில் இருந்த எண்ணெய் எல்லாம் முகத்தில் ஏறியது. "மூஞ்சிக்கும் கூட ஊத்திக்கறியா?" என்றார். சிரித்துவிட்டேன். இந்தத் தரம் சிரிப்பு எங்கேயும் சிக்கவில்லை. போல்ட்டைத் திருகி, கம்பியை விட்டு, கொஞ்சம் வடித்து, மறுபடியும் கம்பியை விட்டு, கோட்டில் கொண்டுவந்து நிறுத்தினேன். தாம்பாளத்திலும் வாளியிலுமாக நாலு லிட்டருக்குமேல் இருந்தது, புடவை குடித்தது தனி. வெள்ளிக்கிழமைகளைக் கூட்டினால் கிட்டத்தட்ட அவ்வளவுதான் வருகிறது. தப்புதான், முழுக்க முழுக்க என் தப்புதான், பதினோரு பேர் உயிரோடு விளையாடிய தப்பு, அது தெரியாமல் இல்லை, நெஞ்சில் அது ஒரு பக்கம் கனக்கத்தான் செய்கிறது, ஆனால் இது கையில் பிடிக்க முடிகிற தப்பு, எங்கே ஆரம்பித்து எங்கே வந்தது என்று விரல் வைத்துக் காட்ட முடிகிற தப்பு, நாளைக்கே திருத்திவிட முடிகிற தப்பு. இப்படி ஒரு தப்பு கிடைத்ததற்காக ஒருத்தி சந்தோஷப்படலாமா என்று தெரியவில்லை. பட்டுக்கொண்டிருந்தேன்.

கலியமூர்த்தி வந்து பைக்கை நிறுத்தியபோது வலது பக்கத்துப் பெட்டியையும் திறந்து வைத்திருந்தேன், உள்ளே காய்ந்து, பொடி பறந்துகொண்டு, சுத்தமாக இருந்தது. "என்னா அண்ணி, எண்ணெய்க் குளியலா? இன்னும் தீவாளி வரலையே" என்றது. பிளேட்டைக் காட்டினேன். தொட்டுப் பார்த்துவிட்டு விசில் அடித்தது. என் கேள்வி அப்போதுதான் தொண்டைக்கு வந்தது. இரண்டு நாளாக அதைக் கேட்காமல் வைத்திருந்தேன், கேட்டால் பதில் வந்துவிடுமே என்று. "அன்னிக்கு நீ வந்து ஏறினப்போ, கொக்கி மாட்டியிருந்துச்சாப்பா?" கலியமூர்த்தி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தது. "மாட்டித்தான் இருந்துச்சி. சேறு காஞ்சி இறுகி வரவே மாட்டேன்னுச்சி, கல்ல எடுத்துத் தட்டித்தான் கழட்டினேன், அப்பறந்தான் வண்டிய ஒரு பக்கமாத் திருப்பினேன்." "அதை அன்னிக்கே சொல்லித் தொலைக்கக் கூடாதா?" நான் கத்தியதில் காக்கை பறந்துபோனது. "நீங்கதான் மாட்டியிருந்தேன்னு சொன்னீங்களே அண்ணி. சொன்னத நம்பிட்டேன். நம்பினதுக்குத் திட்றீங்களே, இது என்னா நியாயம்?" என் வீட்டுக்காரர் நாற்காலியோடு ஆடி ஆடிச் சிரித்தார். எல்லாரும் என்னை நம்பியிருக்கிறார்கள், நான் ஒருத்திதான் நம்பவில்லை. அந்தக் கை காணாமல் போகவில்லை, என்னிடம் சொல்லாமல் தன் வேலையைச் செய்துவிட்டுப் போயிருக்கிறது, தினம் சோறு கிளறுகிற கைபோல, கோலத்துக்குப் புள்ளி வைக்கிற கைபோல. பழைய ஆயில் சீல், பழைய பிளேட்டு இரண்டையும் ஒரு பையில் போட்டு, இதே அளவில் புதுசு வாங்கி வா என்று கலியமூர்த்தியிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, கொஞ்சம் தயங்கி, "சாவி?" என்றது. "சாவி எதுக்கு, உன் பைக்குக்குச் சாவி இல்லையா?" என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டது.

மத்தியானம் ஆவதற்குள் அஞ்சலாட்சியக்காவின் போன் வந்தது. என் கை இரண்டும் முழங்கை வரைக்கும் கறுப்பு, வீட்டுக்காரர்தான் போனை என் காதுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டார், சத்தமாக வைத்து. "ஏன்டி பச்ச, சனிக்கெழம நடவுக்கு வண்டி வருமா, இல்ல நாங்க நடந்தே வரணுமா?" சொல்லிவிட்டேன், ஒன்று விடாமல், இறக்கம், கம்பி, எண்ணெய், சீல், எல்லாம், என் தப்புதான் அக்கா, கொக்கி இல்லை, நான்தான் ஆறு மாசமா அதிகமா ஊத்திட்டேன், மன்னிச்சிக்க, உன் கை எப்படி இருக்குது, நாளைக்கு வெறும் டிரெய்லரைக் கட்டிக் களத்துலயே பத்துச் சுத்து ஓட்டி நிறுத்திப் பார்த்துட்டுத்தான் உங்களையெல்லாம் ஏத்துவேன், பேட்டரியும் வாங்கறோம், இனிமே இறக்கத்துல நிறுத்த மாட்டேன் என்று மூச்சு விடாமல் சொன்னேன். அந்தப் பக்கம் வெற்றிலை மெல்கிற சத்தம். "எங்களையெல்லாம் ஏரியில தள்ளப் பார்த்ததுக்கு மன்னிப்புக் கேக்கறவ குரலா இது? பொண்ணுக்கு மாப்ள அமைஞ்ச மாதிரி பேசறியேடி." "அப்படித்தான் இருக்குதுக்கா" என்றேன். "சரி, சனிக்கெழம யாரு ஓட்றது?" இடுப்பில் சாவி இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. "நான்தான்" என்றேன். மெல்கிற சத்தம் நின்றது, அப்புறம் அக்கா சொன்னாள். "அப்ப நான் ஓரமா உக்காந்துக்கறேன். குதிக்கறதுக்கு வசதியா இருக்கும்."